வடக்கே தண்ணீர் வேலைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

மாசி, பங்குனி வந்தால் போதும், எனக்குத் தகவல்கள் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, நுனாவுட்டில் நீர்வள அதிகாரி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போடலாமா?" நுனாவுட் என்றால் கனடாவின் வடகோடியில் உள்ள பிரதேசம். கேட்பவர்களில் அனேகம் பேர் டொராண்டோவை ஒட்டிய ஸ்காபரோ, மார்க்கம், பிராம்டன் பக்கத்துப் பிள்ளைகள். சுற்றுச்சூழல் அறிவியலோ நீரியலோ படித்து முடித்துவிட்டு ஆறு மாத ஒப்பந்தம், எட்டு மாத ஒப்பந்தம் என்று அலைந்துகொண்டிருப்பவர்கள். இரண்டாவது கேள்வி சம்பளமும், வடக்கே இருப்பதற்காக மேலதிகமாகத் தரும் படியும், வீடும் பற்றியது. அதில் தப்பு ஒன்றுமில்லை, கேட்கத்தான் வேண்டும். மூன்றாவது கேள்வி எல்லோரிடமும் ஒன்றுதான்: இரண்டு வருடம் இருந்துவிட்டு ஒட்டாவாவுக்கு மாற்றலாகிவிடலாமா?

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இந்த மடல். இரண்டு வருடக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவதானால் தயவுசெய்து வராதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. அங்கே சட்டம் வேண்டிய அளவு இருக்கிறது, உரிமங்களும் இருக்கின்றன, படித்தவர்களும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த கோடையிலும் அதே குளக்கரைக்குத் திரும்பி வருகிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தை வாசித்தால் ஒன்றும் விளங்காது. நுனாவுட்டில் 25 ஊர்கள். ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை கிடையாது. விமானம்தான், கோடையில் சரக்குக் கப்பல். ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கவும் கழிவை வெளியே விடவும் ஊர் நிர்வாகமானாலும் சரி, தங்கச் சுரங்கமானாலும் சரி, நீர் உரிமம் எடுக்க வேண்டும். அதைக் கொடுப்பது நுனாவுட் நீர் வாரியம். 1993 இல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களோடு செய்த நில ஒப்பந்தத்தில் பிறந்த அமைப்பு அது, தலைமையகம் ஜோ ஹேவன் என்கிற சின்ன ஊரில். உரிமத்தில் எழுதியபடி நடக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது மத்திய அரசின் இன்ஸ்பெக்டர்கள், அதாவது நீங்கள். குழாயில் வரும் தண்ணீர் குடிக்க நல்லதா என்று பார்ப்பது பிரதேச அரசின் சுகாதாரத் துறை. மீனுக்குக் கேடு வந்தால் அதற்கு வேறு ஆட்கள். ஊராருக்கு இந்தப் பாகப்பிரிவினை எல்லாம் தேவையில்லை. அரசாங்கத்து ஜாக்கெட் போட்ட ஒருவர் விமானத்திலிருந்து இறங்கினால், தண்ணீர் மணக்கிறது என்று அவரிடம்தான் சொல்வார்கள். "அது என் துறை இல்லையே" என்று கையை விரிக்காமல் எழுதி எடுத்து, உரியவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

கிணற்றடியில் குளித்து வளர்ந்த எனக்கே அங்கத்தைய தண்ணீர் முறை புதிதாகத்தான் இருந்தது. நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் மண், குழாய் போடுவது பெரும் செலவு. தலைநகர் இக்காலுயிட்டிலும் ரான்கின் இன்லெட்டிலும் ஓரளவுக்குக் குழாய் உண்டு, மற்ற அனேக ஊர்களில் பவுசர்தான், அதாவது தொட்டி வண்டி. ஒரு பவுசர் வந்து வீட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பும், இன்னொன்று வந்து கழிவுத் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகும். கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டால் வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே உள்ளே தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டி அரைவாசி இருந்தாலும் பயனில்லை. பனிப்புயல் மூன்று நாள் அடித்தால் மூன்று நாளும் பவுசர் ஓடாது. ஒரு வீட்டில் எட்டுப் பேர், பத்துப் பேர் இருப்பார்கள், அதில் கைக்குழந்தையும் இருக்கும். தலைக்கு நாளுக்கு 90 லிட்டர் என்ற அளவில் திட்டமிட்ட ஏற்பாடு இது. கனடாவில் வீட்டுப் பாவனையின் சராசரியோ 200 லிட்டருக்கு மேல். ஊருக்குள் நடக்கும்போது எத்தனை சிவப்பு விளக்கு எரிகிறது என்று பாருங்கள், பவுசரின் நிலைமையும் டிரைவர் பற்றாக்குறையும் அலுவலகக் கோப்பைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

இன்னும் வடக்கே கிரீஸ் ஃபியோர்ட். 1953 இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுவிட் குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடங்களில் ஒன்று, அதற்கு அரசு மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. அங்கே கோடையில் கொஞ்ச நாட்கள் உருகி ஓடும் பனியாற்று நீரைப் பெரிய தொட்டிகளில் பிடித்து வைத்துத்தான் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். உருகல் சரியாக வராவிட்டால், தொட்டியை நிரப்பும் குழாய் பழுதானால், அடுத்த கோடை வரைக்கும் அந்தக் கவலைதான். தெற்கிலிருந்து இதற்கு ஒரு படிவம் தயாரித்து அனுப்பியிருப்பார்கள், அதில் "நீர் ஆதாரம்: ஏரி / ஆறு / நிலத்தடி" என்று மூன்று கட்டம் இருக்கும். சிரித்துவிட்டு ஓரத்தில் கையால் எழுதுங்கள்.

சரி, உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகப்போவது கழிவுக் குளத்தில்தான். பவுசர் உறிஞ்சிய கழிவை ஊருக்கு வெளியே கரை கட்டிய குளம் ஒன்றில் கொட்டுவார்கள். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் அது உறைந்த கட்டி. உருகிய பிறகு பாசியும் நுண்ணுயிரும் வேலை செய்யக் கிடைப்பது சில கிழமைகள். கோடை முடிகிற நேரத்தில் பம்ப் வைத்து மெல்ல வெளியே விடுவார்கள், ஈரநிலப் புல்லுக்குள் ஊறி, கடைசியில் கடலுக்குப் போகும். 2012 இல் கனடா முழுவதற்கும் கழிவுநீர் ஒழுங்குவிதி கொண்டுவந்தபோது நுனாவுட்டையும் வடமேற்குப் பிரதேசங்களையும் கியூபெக், லாப்ரடோரின் வடபகுதிகளையும் ஒதுக்கி வைத்தார்கள். தெற்கின் அளவுகள் அந்தக் குளிருக்குப் பொருந்துமா என்பது அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. டல்ஹவுசி பல்கலைக்கழகத்து ஆட்கள் பிறகு பல கோடைகள் வந்து அந்த ஈரநிலங்களை அளந்து பார்த்தார்கள், நல்ல வேலை அது. ஆனாலும் ஒரு ஊரின் குளத்தைப் பொறுத்தவரை கையில் இருக்கும் முக்கியமான கடிவாளம் அந்த ஊரின் நீர் உரிமம்தான். உரிமத்தை வாசிக்காமல் குளக்கரைக்குப் போகாதீர்கள்.

போனால் என்ன பார்ப்பது? புதிதாக வருபவர்கள் கரையில் ஏறி நின்று தண்ணீரைப் படம் எடுப்பார்கள். தண்ணீரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கரையின் வெளிப்பக்கம் இறங்கி அடிவாரத்தைச் சுற்றி நடங்கள். நிலமெல்லாம் பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புல் கண்ணைப் பறிக்கிற பச்சையாக நின்றால் அங்கே கசிகிறது. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டே கீழே போங்கள், பூட்ஸ் புதையும், நீர் எந்தப் பள்ளத்தில் சேர்கிறது என்று தெரியும். அங்கேதான் மாதிரிப் போத்தல் நிரப்ப வேண்டும், கோப்பில் குறித்த இடத்தில் எடுத்ததற்கு மேலதிகமாக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வறிக்கைகள் நீர் வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் கிடக்கின்றன, யாரும் திறந்து பார்க்கலாம். ஒரு ஊரை எடுத்து (பெயர் வேண்டாம், பல ஊர்களின் கதை இது) அறிக்கைகளை வரிசையாக வாசித்தேன். கரையின் ஒரு மூலையில் கசிவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடுத்த அறிக்கையில் வேறு கையெழுத்து, அதே மூலை, கசிவு "இருக்கலாம்" என்று. அதற்கடுத்ததில் இன்னொரு கையெழுத்து, அவர் போன அன்று பனி மூடியிருந்ததால் பார்க்க முடியவில்லை. அப்புறம் வந்தவர் அதே கசிவைப் புதிதாகக் கண்டுபிடித்து, முப்பது நாளுக்குள் திட்டம் சமர்ப்பிக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார், பதில் வரும் நேரத்தில் அவரும் தெற்கே போய்விட்டார். ஒருவரும் பொய் எழுதவில்லை, ஒருவரும் சோம்பேறியும் இல்லை. ஆனால் அந்த மூலையை இரண்டு முறை பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

ஊர் நிர்வாகத்துப் போர்மன் ஒவ்வொரு முறையும் பிக்கப் வண்டியோடு விமான நிலையத்துக்கு வருவார். புது இன்ஸ்பெக்டரிடம் அவர் அதிகம் கதைக்கமாட்டார். ஏன் கதைக்க வேண்டும்? போன வருடம் இன்னொருவருக்கு இதையெல்லாம் சொல்லியாயிற்று. கேட்ட கேள்விக்குப் புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுளித்தால் இல்லை. இதுகூடத் தெரியாமல் பதிலே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். (நம்முடைய தலையாட்டல் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.) மறுபடி மறுபடி நீங்களே வந்து இறங்கினால் ஒரு நாள் கேட்காமலே வண்டியைத் திருப்பி, பனி உருகும் காலத்தில் குளம் எந்தப் பக்கம் வழிந்தது, குப்பைமேட்டுக்குப் பின்னால் பழைய எண்ணெய்ப் பீப்பாய்கள் எங்கே கிடக்கின்றன, கிழவர்கள் தேநீருக்கு எந்த ஓடையில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று காட்டுவார். அந்த ஓடை எந்த வரைபடத்திலும் இருக்காது. குளோரின் மணம் பிடிக்காமல் ஓடைத் தண்ணீரையும் பழைய ஐஸையும் நாடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

ஊர் சனத்தின் மூக்கையும் நாக்கையும் நம்புங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஒக்டோபரில் இக்காலுயிட்டில் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் மணக்கிறது என்று மக்கள் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒக்டோபர் 12 ஆம் தேதிதான் நகரசபை அவசரநிலை அறிவித்தது. ஏறத்தாழ 8,000 பேர் வாழும் தலைநகரம், தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்கக்கூடாது, போத்தல் தண்ணீர் விமானத்தில் வந்தது, சில்வியா கிரினெல் ஆற்றில் அள்ளினார்கள். தடை நீங்கியது டிசம்பர் 10 இல். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் 1962 ஆம் ஆண்டுக் காலத்து எரிபொருள் தொட்டி ஒன்று மண்ணுக்குள் கிடந்தது பிறகுதான் தெரியவந்தது. புதைத்தவர் எப்போதோ போய்விட்டார், அங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்குச் சொன்னவர் யாருமில்லை.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் என்று சனம் சொன்னபோது நடந்த இழுபறியும், உயர் நீதிமன்றம் 2019 சித்திரையில் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபா கட்டச் சொன்னதும் நினைவிருக்கும். அங்கேயும் முதலில் அறிந்தது வாளியில் அள்ளிக் குடித்தவர்கள்தான்.

சுரங்கம் என்று வந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ஊர் நிர்வாகத்தில் ஆளும் இல்லை, பணமும் இல்லை, அவர்களோடு பொறுமையாகப் பேசி வேலை வாங்கலாம். சுரங்கத்திலோ சுற்றுச்சூழல் பிரிவு என்று ஒரு கூட்டமே இருக்கும், எல்லோரும் கெட்டிக்காரர், மரியாதையானவர்கள், சாப்பாடும் பிரமாதம். நீங்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்குவீர்கள். கழிவுக் குட்டையின் அணை எப்போது உயர்த்தப்பட்டது, போன வசந்தத்தில் பம்ப் ஏன் நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சுரங்கத்தின் வரலாற்றைச் சுரங்கக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இன்ஸ்பெக்டர் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்? அவர் காட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். யூகானில் மேயோவுக்கு வடக்கே உள்ள ஈகிள் தங்கச் சுரங்கத்தில் 2024 ஜூன் 24 அன்று சயனைடு ஊற்றித் தங்கம் கரைக்கும் தாதுக் குவியல் சரிந்தது. நச்சோ நியாக் டன் முதற்குடியினரின் நிலம் அது. இரண்டு மாதம் போகுமுன் நீதிமன்றம் சுரங்கத்தை நிர்வாகி ஒருவர் கையில் கொடுத்தது, துப்புரவு வேலை அரசின் தலையில்.

இது ஏதோ தற்செயல் என்று நினைத்தால் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃப் போய்ப் பாருங்கள். ஜயன்ட் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. தங்கத்தைப் பிரிக்க வறுத்தபோது வந்த ஆர்சனிக் டிரையாக்சைடு என்கிற நச்சுத்தூள் 2,37,000 டன் இன்னும் நிலத்துக்குக் கீழே அறைகளில் இருக்கிறது. 1951 இல் அங்கத்தைய பூர்வகுடியான டெனே மக்களின் குழந்தை ஒன்று அந்த ஆர்சனிக் படிந்த பனியின் தண்ணீரால் இறந்தது. இப்போது செய்கிற வைத்தியம், பாறையோடு சேர்த்து அதை உறைய வைத்து உறைந்தபடியே காப்பது. எவ்வளவு காலம் என்று கேட்டால் முடிவுத் தேதி கிடையாது. பக்கத்திலேயே குடா இருந்தும் நகரம் 1969 முதல் எட்டுக் கிலோமீட்டர் குழாய் போட்டு ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது.

கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையோடு வீடு கிடைக்கும். அந்த ஊரில் பிறந்தவர்கள் பொது வீட்டுக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள், மாமாவின் வீட்டு சோபாவில் படுக்கிறார்கள். நீங்கள் தனியாக இரண்டு அறை வீட்டில் இருப்பீர்கள். இதற்கு நீங்கள் பொறுப்பில்லை, ஆனால் மறந்துவிட்டு வாடகை கூட, மரக்கறி விலை கூட என்று கடையில் நின்று முறையிடாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் அதே விலையைப் படி இல்லாமல் கொடுக்கிறார்.

இன்னொன்று, இது உங்களில் பலருக்குத் தெரியாது. 2024 ஜனவரி 18 அன்று நிலமும் நீரும் கனிமமும் நுனாவுட் அரசுக்குக் கைமாறும் ஒப்பந்தம் இக்காலுயிட்டில் கையெழுத்தானது. கைமாறும் நாள் 2027 ஏப்ரல் 1. வடமேற்குப் பிரதேசங்களில் இது 2014 ஏப்ரலிலேயே நடந்துவிட்டது, அங்கே மத்திய அரசின் இன்ஸ்பெக்டர்கள் பிரதேச அரசின் இன்ஸ்பெக்டர்களானார்கள். ஆக, ஒட்டாவாவுக்கு மாற்றல் என்கிற உங்கள் கணக்கு எப்படியும் பழைய கணக்கு. நில ஒப்பந்தத்தின் 23 ஆம் பிரிவு அரச வேலைகளில் இனுவிட் மக்கள் தங்கள் தொகைக்கேற்ற பங்கைப் பெற வேண்டும் என்கிறது, தொகை என்றால் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில். இன்ஸ்பெக்டர் வேலையில் அது நடக்க வேண்டும் என்பதே என் ஆசையும். நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியில் சுற்றுச்சூழல் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. அதில் படித்து வரும் பிள்ளைகளுக்குப் பனியும் தெரியும், இனுவிட் மொழியான இனுக்டிட்டுட்டில் போர்மனோடு பகிடி விடவும் தெரியும். உரிமத்தின் ஷரத்தை வாசிப்பதும் நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி அறிக்கை எழுதுவதும் ஒரு துணையோடு இரண்டு மூன்று கோடையில் வந்துவிடும். அந்தத் துணையாக வாருங்கள். ஐந்து வருடம் என்று மனதில் வைத்து வாருங்கள், போகும்போது உங்கள் நாற்காலியில் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று இருக்கட்டும். அப்படி வருவதானால் இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை: எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், அவருடைய குறிப்புப் புத்தகங்கள் எங்கே, அவரோடு ஒரு நாள் தொலைபேசியில் பேச முடியுமா, ஒவ்வொரு ஊருக்கும் வருடத்தில் இரண்டு முறை போகப் பயணப் பணம் இருக்கிறதா, கூட வர உள்ளூர்ப் பயிற்சியாளர் உண்டா. பதில் மழுப்பலாக வந்தால் சம்பளம் எவ்வளவு என்றாலும் யோசியுங்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். நுண்ணுயிர் மாதிரி ஒன்றிரண்டு நாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும், மூடுபனியால் விமானம் நின்றால் ஊற்றிவிட்டு மறுபடி எடுக்கத்தான் வேண்டும், அதனால் போத்தல்களை எப்போதும் இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். ஊருக்கு வெளியே வெண்கரடி பார்க்க ஆள் இல்லாமல் நடக்காதீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சில ஊர்களில் மதுவுக்குத் தடை, பெட்டியில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். மார்கழி இருட்டு ஆளை அசத்தும், அதற்கு மருந்து ஊர் மண்டபத்து விளையாட்டும் சனத்தோடு கதைப்பதும்தான், வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் இரண்டு வருடம்கூடத் தாங்காது. அரிசி அங்கே கிடைக்கும், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கிடைக்காது, அம்மாவிடம் ஒரு வருடத்துக்கு வறுத்து இடித்துத் தரச் சொல்லுங்கள். கலியாணப் பேச்சை எப்படிச் சமாளிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள், அதில் எனக்கு அனுபவம் மட்டும் உண்டு, வெற்றி இல்லை.

விண்ணப்பங்களை வைகாசிக்குள் அனுப்புங்கள். ஆனி நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ஊர் ஊராக இருப்பேன், பதில் வரத் தாமதமாகும்.

இப்படிக்கு,
நுனாவுட்டிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்